சண்டை மாவு

உளுந்து இல்லை. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாலும் ஒரு கைப்பிடி தேறவில்லை, அதிலும் பாதி நொய், கூட இரண்டு வண்டு. வண்டைப் பொறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை அப்படியே கிரைண்டரில் கொட்டி, ஒரு செம்பு தண்ணீரை ஊற்றி, சுவிட்சைத் தட்டியாயிற்று. ஓடட்டும். மாவுக்காகவா ஓடுகிறது, சத்தத்துக்காகத்தானே ஓடுகிறது. பழைய கிரைண்டர், பெல்ட் தளர்ந்து போனது, சுற்றுக்கு ஒரு தடவை கீய்ங் என்று இழுக்கும், குழவி வெறுங்கல்லில் உரசி அந்தக் கரகரப்பு பல்லுக்குள் போய் உட்காரும். உட்காரட்டும். பல் கூசினால் கூசட்டும், முன்வீட்டில் அம்மாவும் அப்பாவும் போடுகிற சத்தம் தெருவுக்குப் போகாமல் இருந்தால் சரி. இல்லை, இன்றைக்குத் தெரு எக்கேடும் கெட்டுப் போகட்டும், பியூலா காதுக்குப் போகாமல் இருந்தால் போதும். பியூலா கிளம்பிவிட்டாள். அண்ணன் போனுக்கு அடித்து, நான் அலோ என்று முழுசாகச் சொல்வதற்குள், "ஏட்டி முப்பிடாதி, கெளம்பிட்டேன், வாசல்ல நில்லு" என்று சொல்லி வைத்துவிட்டாள். திருப்பி அடித்தால் எடுக்கவில்லை. சைக்கிளில் ஏறியிருப்பாள். வராதே என்று நேற்று ஸ்கூலில் சொன்னேன், வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள் என்றேன், அம்மாவுக்குக் காய்ச்சல் என்றேன், கடைசியில் எங்கள் தெரு நாய் கடிக்கும் என்றுகூடச் சொன்னேன். "கடிச்சா நானும் திருப்பிக் கடிக்கேன்" என்றாள் அந்தச் சவம். விலங்கியல் ரெக்கார்டு நோட்டு திங்கட்கிழமை வைக்கவேண்டும், அவளுக்குப் படம் வராது, எனக்கு வரும், அவ்வளவுதான் விஷயம். அவள் வரைந்த தவளையைப் பார்த்து மிஸ், இது என்ன தலையணையா என்று கேட்டார்கள். ஒரு கரப்பான் பூச்சிக் குடலுக்காக ஒருத்தி வேகாத வெயிலில் பக்கத்து ஊரிலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறாள், இங்கே நான் ஒரு கைப்பிடி உளுந்தை வைத்துக்கொண்டு ஒரு வீட்டை மறைக்கப் பார்க்கிறேன்.

இன்றைக்குச் சண்டை பத்திரிகையால். வள்ளியூர் அத்தை, அப்பாவின் தங்கச்சி, மகளுக்குப் பூப்புச் சடங்கு வைத்திருக்கிறாள். பத்திரிகையை வீட்டுக்கு வந்து, அம்மா கையில், வெற்றிலை பாக்கோடு கொடுக்கவேண்டும், அதுதான் முறை. அத்தை வீட்டு மாமா என்ன செய்தார், ரோடு பிரிகிற விலக்கில், டீக்கடையில் அப்பாவைப் பார்த்ததும் பைக்கை விட்டு இறங்காமலே கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். அப்பாவும் வாங்கிக்கொண்டு வந்து டிவி மேல் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். வைத்த கையை எடுக்கவில்லை, அம்மா பிடித்துக்கொண்டாள். "டீக்கடையில வச்சு அழைக்கதுக்கு நான் என்ன வடையா?" அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "குடுத்தான், வாங்குனேன். மூஞ்சிலயா எறிய முடியும்?" என்றார். "எறிஞ்சிருக்கணும். பொண்டாட்டிக்கு ஒரு மரியாதை வேணும்னு நெனைக்கவன் எறிஞ்சிருப்பான்." "ஏட்டி, வாய அளந்து பேசு." "அளந்து ஊத்துததுக்கு இது என்ன மண்ணெண்ணெயா?" இங்கே அண்ணன் எழுந்தான். வேல்சாமிக்குப் பத்தொன்பது வயசு, ஐடிஐ முடித்துவிட்டு எந்த வேலைக்குப் போனாலும் பத்து நாளில் மேஸ்திரியோடு சண்டை போட்டுத் திரும்பிவருவான், பகலில் தூங்குவான். "மனுசன ஒரு நாளாவது தூங்க விடுதியளா" என்று அவன் போட்ட சத்தம் அவர்கள் இரண்டு பேர் சத்தத்தையும் சேர்த்து வைத்ததைவிடப் பெரிசு. சத்தம் போடாதே என்பதற்காகப் போடுகிற சத்தம்தான் இந்த வீட்டில் எப்போதும் ரொம்பப் பெரிசு. அதற்கப்புறம் ஒரு தட்டு உருண்டது. உருண்டதா எறிந்ததா என்று நான் பார்க்கவில்லை. கை தானாகவே உளுந்து டப்பாவுக்குப் போய்விட்டது.

கை தானாகப் போகிறது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது அம்மா ஒரு நாள் சண்டைக்கு நடுவில், அப்பா சட்டையைப் பிடித்த கையை விடாமலே, என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏட்டி, அந்தக் கிரைண்டரைப் போடு, சந்தி முழுக்கக் கேக்கப் போவுது" என்றாள். அன்றிலிருந்து அது என் உத்தியோகம். அரிசி ஊறியிருந்தால் அரிசி, உளுந்து இருந்தால் உளுந்து, ஒன்றும் இல்லாவிட்டால் வெறும் தண்ணீர். ஆட்டினதை என்ன செய்வது, கொட்டவா முடியும், தோசைதான். எங்கள் வீட்டில் காலையில் தோசை, மத்தியானம் டிபன் டப்பாவில் தோசை, ராத்திரி புளித்துப் போன அதே மாவில் வெங்காயம் போட்டு ஊத்தப்பம். சண்டை கூடின வாரத்தில் மாவு மிஞ்சி, தூக்குச்சட்டியில் ஊற்றிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுவாள் அம்மா. அவர்களும் வாங்கிச் சுட்டுத் தின்பார்கள். போன வாரம் எதிர்வீட்டுச் செல்லக்கிளி அக்கா குழாயடியில் என்னைப் பார்த்து, "என்ன முப்பிடாதி, ரெண்டு நாளா கிரைண்டர் சத்தத்தக் காணோம், வீட்ல எல்லாரும் சமாதானமா? எங்க பிள்ளைவ தோசை இல்லாம காஞ்சு கெடக்குதுவ" என்று சொல்லிச் சிரித்தாள். குடத்தை இடுப்பில் வைத்தபடியே நின்றேன். அப்படியென்றால் இத்தனை வருஷமும் சண்டையை நான் மறைக்கவில்லை. சங்கு ஊதினமாதிரி ஊருக்கு அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கிரைண்டர் ஓடினால் எங்கள் அப்பா கொம்பையா வீட்டில் சண்டை. அவ்வளவு சுலபம். அது தெரிந்த பிறகும் இன்றைக்கு மறுபடி போட்டிருக்கிறேன் பார், அதைத்தான் சொல்கிறேன், கை எனக்குச் சொந்தம் இல்லை, இந்த வீட்டுக்குச் சொந்தம். ஆனால் பியூலா வெளியூர்க்காரி. அவளுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. மாவு ஆட்டுகிறார்கள் என்றுதான் நினைப்பாள். நினைக்கவேண்டும். முன்வாசல் வழியாக வந்தால்தான் ஆபத்து, பின்வாசல் முடுக்குச் சந்து வழியாகக் கூட்டிக்கொண்டு வந்து, அடுப்படியிலேயே உட்காரவைத்து, கிரைண்டரை நிறுத்தாமல், படத்தை வரைந்து கொடுத்து, அப்படியே முடுக்கு வழியாக அனுப்பிவிட்டால் முடிந்தது. முடுக்கு முனையில் போய் நிற்கவேண்டும். நின்றால் கிரைண்டரை யார் பார்ப்பார்கள், பெல்ட் கழன்றால் ஓடுகிற சத்தம் நின்றுபோகும், நின்றால் எல்லாம் கேட்கும். இங்கேயே நிற்கிறேன். இல்லை, போய் நிற்கிறேன். கால் அடுப்படி வாசலுக்கும் கிரைண்டருக்கும் நடுவில் நடந்துகொண்டே இருக்கிறது, குட்டி போட்ட பூனை மாதிரி.

கோமதியும் இப்படித்தான் வந்தாள். எட்டாம் வகுப்பு, பொங்கல் லீவு. பச்சைப் பாவாடை கட்டி, வீட்டிலிருந்து முறுக்கு எடுத்துக்கொண்டு, ரொம்ப நல்ல பிள்ளையாக வந்தாள். அன்றைக்கு அண்ணன் சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தான். சாம்பார் வழிந்த சுவரை அவள் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை, அவளுக்கு வந்தது. மறுநாள் ஸ்கூலில் மிஸ்ஸிடம் கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி முன்பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள். பேசாமல் இருந்துவிட்டாளா, அதுவும் இல்லை. இடைவேளைக்கு இடைவேளை என்னிடம் வந்து, "சாப்ட்டியா முப்பி?" என்று மெதுவாக, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவளைக் கேட்பதுபோலக் கேட்பாள். அவள் சாக்லேட்டில் பாதியைக் கடித்து எனக்குத் தருவாள், முன்பெல்லாம் பெரிய பாதியை அவளே வைத்துக்கொள்வாள், இந்த வீட்டுக்கு வந்துபோன பிறகு பெரிய பாதி எனக்கு. அந்தப் பெரிய பாதியைத் தின்னும்போது எனக்கு அவள் கழுத்தை நெரிக்கவேண்டும் போல இருக்கும். ஒரு நாள் வாங்கி அவள் முன்னாலேயே மண்ணில் போட்டு மிதித்தேன். அதோடு போனாள். அவளை விட்டால் பத்தாவது வரைக்கும் எனக்கு யாரும் இல்லை. யாரும் வேண்டாம் என்றுதான் இருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் ஆள் இல்லாத பெஞ்சில் பையை வைத்துக்கொள்ளலாம், காலை நீட்டலாம், யாரும் வீட்டைப் பற்றிக் கேட்கமாட்டார்கள்.

அந்தப் பையைத்தான் முதல் நாளே தூக்கித் தரையில் வைத்தாள் பியூலா. பிளஸ் ஒன்னுக்குப் புதிதாகச் சேர்ந்தவள், ஒரு மாதம் கழித்து வந்தவள், வகுப்பில் வேறு இடம் இல்லை. நான் முறைத்தேன். அவள் உட்கார்ந்து, பேனாவை எடுத்து, மூடியைக் கடித்து, "இப்படி மொறச்சுக்கிட்டே இருக்கியே, கண்ணு வலிக்காதா?" என்று கேட்டாள். கேலிதான், ஆனால் பதில் தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போல முகத்தைப் பார்த்தாள். மத்தியானம் என் டப்பாவைத் திறந்ததும் கேட்காமல் கொள்ளாமல் ஒரு தோசையை உருவினாள். "தெனமும் தோசையா? குடுத்து வச்சவ." அவள் டப்பாவில் ஆறிப்போன தயிர்ச்சோறு, ஊறுகாய்கூடக் கிடையாது. அவளுடைய டப்பாவை என் பக்கம் தள்ளினாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் டப்பாவை மாற்றிக்கொள்வோம், தினமும், கடைக்காரரும் வாங்குபவரும் மாதிரி. அவள் தின்னும் சண்டையின் அளவு அவளுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை தோசை ரொம்பப் புளிப்பு, அப்பா அம்மாவின் தம்பியைத் திருடன் என்று சொன்ன நாள், அந்தத் தோசையை அவள் நக்கி நக்கித் தின்றாள். ஒரு நாள் அப்படித் தின்றுகொண்டிருக்கும்போதே, வாயில் தோசையோடு, "எங்கம்ம வேற ஒருத்தரக் கட்டிக்கிட்டு கோயம்புத்தூர் போயிட்டா, எங்கப்பா செத்துப் போயிட்டாரு, நான் மாமா வீட்ல இருக்கேன், யார்ட்டயும் சொல்லாத, சொன்னா கொன்னுருவேன்" என்றாள். அழவில்லை. சட்னி இன்னும் கொஞ்சம் கொண்டுவரக்கூடாதா என்று கேட்டாள். நான் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை, மறுநாள் சட்னி கூடுதலாகக் கொண்டுபோனேன். அவ்வளவுதான் எங்கள் சிநேகம். நாங்கள் இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு நடக்கிற ஜாதி இல்லை. அவள் என்னை மூதி என்பாள், நான் அவளைச் சவம் என்பேன். ஆனால் அவள் ஒரு நாள் வராவிட்டால் பெஞ்சு நீளமாகிவிடுகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. முன்னாலெல்லாம் பெஞ்சு அதன் நீளம்தான் இருந்தது.

இப்போது ரேஷன் கடையைத் தாண்டியிருப்பாள். தாண்டி, பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்பாள், அவளுக்கு உட்கார்ந்து மிதிக்கத் தெரியாது, எல்லாவற்றிலும் எழுந்து நிற்கவேண்டும். பஞ்சர் ஆகட்டும். பெரிசாக ஒன்றும் வேண்டாம், ஒரு வேலிமுள், பின்சக்கரம், உருட்டிக்கொண்டு திரும்பிப் போகட்டும். ஆனால் அவள் திரும்பிப் போகிறவள் இல்லை, உருட்டிக்கொண்டே இங்கே வருவாள், வந்து, வேல்சாமி அண்ணே பஞ்சர் ஒட்டுவியளா என்று கேட்பாள். முன்வீட்டில் அம்மா குரல் ஏறுகிறது. கிரைண்டருக்கு மேலே ஏறிவிட்டது. "உங்க கூடப்பொறந்தவ என்னைய மனுசியா நெனச்சிருக்காளா, இந்த இருவது வருசத்துல ஒரு நாள், ஒரு நாள் சொல்லுங்க." அப்பா சொல்லமாட்டார், அப்பா அம்மாவின் அப்பாவைப் பற்றி ஆரம்பிப்பார், இதோ ஆரம்பித்துவிட்டார். எனக்கு அடுத்த வரி தெரியும். அடுத்த வரி மட்டும் இல்லை, எல்லா வரியும் தெரியும், நாடகக்காரிபோல மனப்பாடம். அதுதான் பயம். போன மாசம் செல்லக்கிளி அக்காவின் சின்னப் பையன் வந்து என் கலர் பென்சிலை ஒடித்துவிட்டான், நாலு வயசு, ஒடிந்த பென்சிலை என்னிடமே நீட்டினான். நான் வாயைத் திறந்தேன், "நாசமாப் போற சவமே, உன்ன யாரு தொடச் சொன்னா" என்று வந்தது. என் குரல் இல்லை. அம்மாவின் குரல், அதே இழுப்பு, கடைசி வார்த்தையை மேலே தூக்கி அடிக்கிற அதே அடி. பையன் அழுதான், எனக்கு வாயைக் கழுவவேண்டும் போல இருந்தது, கழுவினேன், மூன்று தடவை, பேஸ்ட் போட்டு. அது போகிற அழுக்கா. தொண்டைக்குள் எங்கேயோ அம்மா தன் சாமான்களையெல்லாம் கொண்டுவந்து இறக்கிவைத்திருக்கிறாள், கீழே அப்பாவும் கொஞ்சம் வைத்திருக்கிறார், நான் மூடிவைத்துக்கொண்டு அலைகிறேன், பிளஸ் ஒன் படிக்கிறேன், கரப்பான் பூச்சி வரைகிறேன். ஒரு நாள் திறந்துகொள்ளும். பியூலாவிடம் திறந்துகொண்டால். அவளை ஏசினால் அவள் போய்விடுவாள். இந்த வீட்டில் ஏச்சு முடிந்தால் யாராவது போகவேண்டும், அது சட்டம். அம்மா என்றால் கடையத்துக்குப் பிறந்த வீட்டுக்கு, பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு. அப்பா என்றால் வாசலில் நிற்கிற குட்டியானை லோடு வண்டியை எடுத்துக்கொண்டு விலக்குக்கு, அங்கே புரோட்டா தின்றுவிட்டு வண்டியிலேயே படுத்துக்கொள்வார். அண்ணன் என்றால் பாலத்துத் திண்டு. எனக்குக் கக்கூஸ், தாழ்ப்பாள் இருக்கிற இடம் அது ஒன்றுதான். ஏசினவர்களும் போவார்கள், ஏச்சு வாங்கினவர்களும் போவார்கள், மிஞ்சுகிறது மாவு. ஏசின பிறகு அதே இடத்தில் உட்கார்ந்திருந்த மனுசரை நான் பார்த்தது கிடையாது. அப்படி ஒரு வழி இருப்பதாக எனக்கு யாரும் காட்டவில்லை. ஆகையால் பியூலாவை ஏசக்கூடாது. வாயைத் திறக்கக்கூடாது. இன்றைக்கு என்ன ஆனாலும்.

மணி அடிக்கிறது, சைக்கிள் மணி, முன்வாசலில். முன்வாசலில்! முடுக்கு முனைக்கு நான் போகவே இல்லை, நடந்துகொண்டே இருந்துவிட்டேன், மூதி, மூதி. கிரைண்டருக்கு மேலே அம்மா கத்திக்கொண்டிருக்கிறாள், "அவ வீட்டு வாசப்படிய நான் மிதிச்சா எஞ்செருப்பால" என்று, அந்தச் செருப்பு முடிவதற்குள் பியூலாவின் குரல், வகுப்பில் உள்ளேன் மிஸ் சொல்கிற அதே குரல், "அம்மா, முப்பிடாதி இருக்காளா?" செத்தேன். கிரைண்டர் ஒரு தடவை கீய்ங் என்றது. பிறகு அம்மா, அதே சூட்டில், தொண்டையை மாற்றாமல், "பின்னால கெடக்கா, போ" என்றாள், என்றுவிட்டு, "செருப்பால அடிச்சுக்கிடுவேன்" என்று விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில், உருண்ட தட்டைத் தாண்டி, ஒருவேளை தட்டை எடுத்து ஓரமாகக்கூட வைத்துவிட்டு, நடந்து வருகிறாள் அவள். அடுப்படி நிலையில் நிற்கிறாள். வேர்த்து, முகமெல்லாம் சிவந்து, பை ஒரு தோளில். என் கண் அவள் கண்ணைத்தான் பார்த்தது, வேறு எங்கேயும் போகவில்லை, தண்ணீர் வருகிறதா, அந்த ஆஸ்பத்திரிப் பார்வை வருகிறதா. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கிரைண்டருக்குள் எட்டிப் பார்த்தாள். "என்னத்தட்டி ஆட்டுத?" "உளுந்து." "இதா உளுந்து? நாலு பருப்பு நீச்சல் அடிச்சிக்கிட்டுக் கெடக்கு. கல்லு தேஞ்சு போவும், அறிவில்லயா." சொல்லிக்கொண்டே கையை நீட்டி, சுவிட்சை அணைத்துவிட்டாள்.

நின்றது. குழவி அரைச் சுற்று சுற்றி நின்றது, வீடு முழுக்க ஒரேயடியாக உள்ளே வந்து விழுந்தது. எனக்கே இவ்வளவு தெளிவாகக் கேட்டது கிடையாது, எப்போதும் நான்தானே கிரைண்டர் பக்கத்தில் இருப்பேன். அம்மாவுக்கு மூச்சு இரைப்பது கேட்டது. அப்பா சொன்ன கெட்ட வார்த்தை கேட்டது, அதில் இருந்த எழுத்தெல்லாம் கேட்டது. "போடு" என்றேன். "எதுக்கு? ஒண்ணுமே கேக்க மாட்டேங்கு" என்று பியூலா தலையை முன்வீட்டுப் பக்கம் சாய்த்தாள், வானொலியில் செய்தி கேட்பவள்போல. "சுவிட்சப் போடு." "ஏட்டி இரு, உங்கத்தைய எதுக்கு ஏசுதாவ?" அவள் முகத்தில் ஒரு சிரிப்பு ஆரம்பித்ததா, அல்லது எனக்குத் தோன்றியதா, தெரியாது, அதற்குள் திறந்துகொண்டது. "உன்ன யாருட்டி வரச் சொன்னா? நாசமாப் போற சவமே, வராதன்னு எத்தன தடவ சொன்னேன், வேடிக்க பாக்கவா வந்த? மாமன் வீட்ல உருட்டுத சோறு செரிக்கலயா? பெத்தவளே வேண்டாம்னு விட்டுட்டுப் போன சவந்தான நீ, எங்க போனாலும் ஒட்டிக்கிடுவியா?" கடைசி வார்த்தையை மேலே தூக்கி அடித்தது. அதே அடி. கேட்டுக்கொண்டு நின்றேன், வேறு யாரோ பேசுவதைக் கேட்பதுபோல, ஆனால் எச்சில் என் உதட்டில் இருந்தது. யாரிடமும் சொல்லாதே என்று தோசையைத் தின்றுகொண்டே அவள் எனக்கு மட்டும் சொன்னதை எடுத்து, அவள் மூஞ்சியிலேயே விட்டெறிந்திருக்கிறேன். முகம் வெளுத்துவிட்டது அவளுக்கு. சிவப்பெல்லாம் எங்கேயோ இறங்கிவிட்டது. பிறகு வந்தது, இரண்டு மடங்கு வந்தது. "ஆமாட்டி, விட்டுட்டுத்தான் போனா! போனா போயிட்டா! உங்கம்ம போவாம இருந்து என்னத்தக் கிழிச்சா? தெனமும் தோசையச் சுட்டு அடுக்குனா! நானும் உன்ன மாதிரி மூஞ்சத் தூக்கிக்கிட்டா திரியுதேன்? பெரிய இவ, இவ வீட்ல மட்டுந்தான் சண்ட போடுதாவ, ஒலகத்துல ஒருத்தன் வீட்லயும் கெடயாது!" அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. அவளே கேட்டிருக்கமாட்டாள். மாமா வீட்டில் டிவி சத்தத்தைக்கூட இரண்டு கோட்டுக்கு மேல் வைக்க விடமாட்டார்களாம்.

முன்வீடு நின்றுபோயிருந்தது. மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா வந்தாள். கொண்டை அவிழ்ந்து, முந்தானையை இடுப்பில் செருகி, அடுப்படி நிலையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். முடிந்தது, இவளை மயிரைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளப் போகிறாள் என்று நினைத்தேன், நினைத்தபோது ஒரு காரியம் செய்தேன், பியூலாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் போய் நின்றுவிட்டேன், ஏன் நின்றேன் என்று தெரியவில்லை, பியூலாவைத்தான் அப்போது எனக்குக் கொல்லவேண்டும் போல இருந்தது. "யாருட்டி இந்தப் பிள்ள?" "கூடப் படிக்கா." "எந்த ஊரு?" என் தோளுக்கு மேலே பியூலாவே சொன்னாள், ஊரையும் மாமா பேரையும். அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "வாயப் பாரு" என்றாள். பிறகு திரும்பிப் போய், அப்பாவிடம், புதுத் தெம்போடு, "கேட்டியளா? ரோட்டுல போற பிள்ளகூடக் கேக்கா, இந்த வீட்ல இருந்து என்னத்தக் கிழிச்சேன்னு. நானும் அதத்தான கேக்கேன் இருவது வருசமா!" என்று ஆரம்பித்துவிட்டாள். பியூலாவின் வார்த்தையை எடுத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள், இனி அது இந்த வீட்டில் பல வருஷம் ஓடும். குட்டியானை கிளம்புகிற சத்தம் கேட்டது. அப்பா போய்விட்டார். அண்ணன் செருப்பை உதறி மாட்டுகிற சத்தம். போய்விட்டான். அலமாரிக் கதவு, துணிப்பை. அம்மா போகப் போகிறாள், அல்லது போகிறமாதிரி செய்யப் போகிறாள். எல்லாம் அதன் வரிசைப்படி நடக்கிறது. இனி பியூலா. அவள் குனிந்து பையைத் தூக்கினாள். நான் வாசலை விட்டு விலகி நின்றேன், வழி விட்டேன், போகிறவர்களுக்கு வழி விடத்தான் எனக்குத் தெரியும். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும், அந்த வார்த்தை தொண்டையில் இருக்கிறதா என்று தேடினேன், அம்மா இறக்கிவைத்ததில் அது இல்லை, அப்பாவுடையதிலும் இல்லை.

அவள் பையைத் திறந்து ரெக்கார்டு நோட்டை எடுத்தாள். பென்சில், அழிரப்பர், ஸ்கேல். ஒவ்வொன்றாக அடுப்படித் தரையில் வைத்தாள். சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மூக்கைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள், என்னைப் பார்க்கவில்லை. "ஏசி முடிச்சிட்டியா, இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். "முடிச்சிட்டேன்" என்றேன். "நானும் முடிச்சிட்டேன். எங்கம்மையப் பத்தி இன்னொரு தடவ பேசுன, கைய ஒடிச்சிருவேன்." நோட்டைப் புரட்டிப் படம் இல்லாத பக்கத்தைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். "இன்னைக்கு வேண்டாம். படத்த வரஞ்சு முடி, பெறவு ஒடிக்கேன்." முன்வீட்டில் அம்மா தனியாக, யாரும் இல்லாத வீட்டில், கடையத்துக்குப் போகிற பஸ்ஸையும் டீக்கடையில் கொடுத்த பத்திரிகையையும் ஏசிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. பியூலா காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஆனா உங்கம்ம சொல்லுததுதான் சரி. டீக்கடையில வச்சா பத்திரிக கொடுப்பாவ?" என்றாள். "நீ பேசாத" என்றேன். "நீ கோடு போடு." உட்கார்ந்தேன். அவள் முழங்கால் என் முழங்காலில் இடித்தது, நகர்த்திக்கொள்ளவில்லை, நானும் நகர்த்தவில்லை. முதல் கோடு கோணலாக விழுந்தது. "இது குடலா, கயிறா?" என்றாள் பியூலா. அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.